எந்த மருந்து?

புதுக்கட்டளையில் பிரகதாம்பாளுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். அவள் தூங்கி ஒருத்தரும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்து, மாடு கறந்து, நாற்றங்காலுக்கும் ஒரு நடை போய்விட்டு வருகிறவள் அவள். ஆனால் உச்சிப்பொழுது தாண்டிவிட்டால் கண்ணிமை இரண்டும் தானாக இறங்கிவிடும். பேச்சு மூக்கால் வரும். சோற்றை மெல்லும்போது பாதியில் தாடை நின்றுபோகும். கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு மீதியை மெல்லுவாள். நடவு வரிசையில் காலையில் முதல் ஆளாகப் போகிறவள் சாயங்காலம் கடைசி ஆளாக நிற்பாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? திமிர் என்றது, சோம்பேறி என்றது, காத்துக் கருப்பு என்றது. வேப்பிலை அடிக்க வந்தவன் ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

கடைசியில் புருஷன் துரைக்கண்ணு அவளைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு ஊசி போட்டுவிட்டு, மாணவர்களெல்லாம் சுற்றி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கொஞ்ச நேரத்தில் விழுந்து கிடந்த இமை இரண்டும் மெல்ல மேலே ஏறின. கல்யாணத்தன்று பார்த்த முழியை மறுபடியும் பார்த்த துரைக்கண்ணு, அத்தனை பேர் முன்னிலையில் ஓவென்று அழுதுவிட்டான்.

“என்னாத்துக்கு அழுவுறீங்க? நான்தான் முழிச்சிக்கிட்டேனே” என்றாளாம் இவள். அப்படிப்பட்ட வாய்.

அன்றிலிருந்து மாத்திரை. நியோஸ்டிக்மின் என்று பேர். குடவாசலில் காதர் மைதீன் மெடிக்கல்ஸில் சொல்லி வைத்தால் தஞ்சாவூரிலிருந்து தருவித்துக் கொடுப்பார். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, வெறும் வயிறாக இல்லாமல் ஒரு வாய் மோரோடு போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மெல்லவும் விழுங்கவும் தெம்பு வரும். வேளை தவறக் கூடாது. தானாகக் கூட்டவும் கூடாது. “அசதி ஜாஸ்தியானா மாத்திரையைத் தேடாதே, பஸ்ஸைத் தேடு” என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பேச்சு மூக்கால் வரும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும் என்றும் சொல்லியிருந்தார். பிரகதாம்பாள் அதையெல்லாம் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தாள். அந்தக் குறுவை வரைக்கும்.

அந்தக் குறுவையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கோட்டையில் கழக ஆட்சி. உழுகிறவன் பேரைக் குத்தகைப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்ததே தவிர நிலம் பண்ணைக்காரர்கள் கையில்தான் இருந்தது. பேர் ஏறியவனை எப்படி இறக்குவது என்று அவர்களும், ஏறாதவனை எப்படி ஏற்றுவது என்று விவசாய சங்கத்து கோவிந்தராசுவும் ராப்பகலாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். துரைக்கண்ணு பேர் எப்படியோ ஏறிவிட்டது. உடனே பண்ணை ஏஜெண்டு ரெத்தினம் தாலுகா ஆபீசில் ஆட்சேபம் போட்டார். துரைக்கண்ணுவின் பெண்சாதி நோயாளி, அவன் சொந்தமாகச் சாகுபடி பண்ணவில்லை, நிலத்தை உள்குத்தகைக்கு விட்டிருக்கிறான் என்று. விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸ் வந்த கையோடு வயலில் புகையான் வந்தது. ஏடிடி இருபத்தேழு நெல், கதிர் வெளித்தள்ளி நிற்கிறது. தூரில் பார்த்தால் பூச்சி அப்பிக்கிடக்கிறது. விட்டால் திட்டுத் திட்டாகக் கருகிப்போகும். மருந்து அடித்தே ஆகவேண்டும்.

“ஆளு வைக்க வேணாங்க. வச்சா அந்த ரெத்தினம் அதையே சாட்சியா ஆக்கிடுவாரு. நீங்க மிஷினைத் தூக்குங்க, நான் கலக்கித் தர்றேன்” என்றாள் பிரகதாம்பாள்.

“ஒனக்கு ஒடம்பு?”

“ஒடம்பு எங்க போவுது? நெலம் போச்சுன்னாதான் போச்சு.”

பூவரச மரத்தடியில் அண்டாவை வைத்து, வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றி, புட்டியைச் சாய்த்து, ஒரு குச்சியால் கலக்கினாள். குச்சி குட்டையாக இருந்தது. பாதிக் கை உள்ளே போய் வந்தது. துரைக்கண்ணு மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்போரமாக நடந்து அடித்தான். காற்று கிழக்கேயிருந்து வந்தால் அவன் மேற்கே திரும்புவான். காற்று அன்றைக்கு யாருக்கும் கட்டுப்படவில்லை. திரும்பித் திரும்பி அடித்தது. அவள் புடவை இடுப்புவரைக்கும் நனைந்து, வெயிலில் பாதி காய்ந்து, மறுபடி நனைந்தது. வாடை மண்டைக்கு ஏறியது. அது என்ன, எல்லோரும் அப்படித்தானே அடிக்கிறார்கள்!

மதியம் துரைக்கண்ணுவின் தங்கை சாவித்திரி பழையசோறும் மோரும் மாவடு ஊறுகாயும் கொண்டுவந்தாள். அண்ணியைப் பார்த்ததுமே, “என்னா அண்ணி, இன்னைக்கு இப்பவே கண்ணு சொருவுது?” என்றாள்.

“வெயில்டி. மாத்திரை போட்டும் நிக்க மாட்டேங்குது. மடியில இன்னொண்ணு இருக்கு, எடு.”

“சும்மா போடக் கூடாதும்பியே?”

“இந்தத் துண்டை முடிச்சாவணும். ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிடாது. எடுடி.”

சாவித்திரி எடுத்துக் கொடுத்தாள். மோரில் விழுங்கிவிட்டு, நாலு வாய் சோறு தின்றுவிட்டு, மரத்தடியிலேயே சாய்ந்தாள் பிரகதாம்பாள். சாவித்திரி வாய்க்காலில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் அண்ணி கிடந்த கிடை சரியில்லை. முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை. வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருக்கிறாள். தோள் சதையும் கன்னமும் தானாகத் துடிக்கின்றன. இமை பாதிக்குமேல் மூடிவிட்டது. மூச்சு கரகரவென்று வந்தது.

சாவித்திரி தூக்குவாளியைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினாள். கடைக்கோடி வயலில் நின்ற அண்ணனைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினாள்.

“அண்ணே! அண்ணி மருந்து சாப்புட்டுட்டு வுழுந்து கெடக்குது! ஓடியா!”

அவள் சொன்னது மாத்திரையை. ஆனால் நம்ம பக்கத்தில் மருந்து என்றால் எத்தனை மருந்து! காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கிளறுவதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, மனசு வெறுத்துப்போனவர்கள் குடிப்பதும் அதே மருந்து. மருந்தடிக்கிற வயலோரத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் இப்படிக் கத்தினால் கேட்கிறவன் எந்த மருந்தை எடுத்துக்கொள்வான்? பக்கத்து வயலில் களை பறித்தவர்கள் காதில் விழுந்தபோது ‘சாப்பிட்டுட்டா’ என்றிருந்தது, மதகைத் தாண்டும்போது ‘குடிச்சிட்டா’ ஆகிவிட்டது. ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது, நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டே குடித்தாள் என்று முடிந்துவிட்டது.

துரைக்கண்ணு மிஷினைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தான். அதற்குள் கூட்டம். ஒருத்தி சாணியைக் கரைத்துக்கொண்டு நிற்கிறாள், வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க. இந்தப் பக்கம் சாவித்திரி, “அசதிதாண்ணே, இன்னொரு மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டா எந்திரிச்சிடும்” என்று அழுதுகொண்டே மடியைத் துழாவுகிறாள். இரண்டில் எது உள்ளே போயிருந்தாலும் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

“பிரகதா! என்னைப் பாரு!”

அவள் என்னமோ சொன்னாள். சொல் புரியவில்லை, எல்லாம் மூக்கால் போயிற்று. தஞ்சாவூரில் சொன்னது துரைக்கண்ணுவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. சாணிச் சட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டான்.

“ஒண்ணும் ஊத்தாதீங்க! முழுங்க மாட்டா! சாவித்திரி, நீயும் வுடு! வண்டிக்கு வழி பாருங்க!”

வண்டிக்கு வழி பார்த்தது யார் தெரியுமா? பண்ணை ஏஜெண்டு ரெத்தினம். நோட்டீஸ் விஷயத்தில் ஒரு பெண்பிள்ளை செத்தாள் என்று வந்தால், கோவிந்தராசு ஆட்கள் கொடியோடு பண்ணை வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று மனுஷனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சைக்கிளில் பறந்துபோய், பண்ணை வீட்டுக் காரையே ஆற்றங்கரை வழியாக வயலுக்குக் கொண்டுவந்துவிட்டார். “தூக்குங்கய்யா, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!” என்று அவரே கால் பக்கம் பிடித்து ஏற்றினார். அந்தக் காரில் அதுவரைக்கும் எந்தக் குத்தகைக்காரனும் ஏறியதில்லை.

சோழசூடாமணி ஆற்றுப் பாலம் தாண்டி, குடவாசல் கவர்மெண்டு ஆஸ்பத்திரி. டாக்டர் ஹமீதா பானு, கூத்தாநல்லூர்க்காரர், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஸ்ட்ரெச்சரோடு கூடவே ஓடிவந்தார்.

“என்ன ஆச்சு?”

“மருந்து குடிச்சிட்டாங்க” என்று பின்னால் சைக்கிளில் வந்திறங்கிய கூட்டம் ஒரே குரலில் சொன்னது.

டாக்டரம்மா இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தது. வேர்வை, எச்சில், சதைத் துடிப்பு. “வயல் மருந்துதான். வயித்தைக் கழுவணும், குழாயை எடுங்க” என்றார் நர்சிடம். அப்புறம் அவள் வாயை மோந்து பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். “வாயில வாடையே காணுமே. புருஷன் யாரு? எந்த மருந்து, எவ்வளவு குடிச்சாங்க?”

துரைக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் அந்தக் கூட்டத்தோடு வந்திருந்த கோவிந்தராசு அவன் தோளைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தான். கெட்டவனில்லை கோவிந்தராசு. சங்கத்துக்காக ஜெயிலுக்குப் போய்வந்தவன்.

“இந்தா பாரு துரைக்கண்ணு. நோட்டீசாலதான் குடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லு. அதுக்கு மேல எந்தப் பண்ணைக்காரனும் ஒன் நெலத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். எப்படியும் ஊரே அப்படித்தானே பேசுது?”

துரைக்கண்ணு ஒரு கணம் நின்றான். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, சும்மா இருந்தால் போதும். நிலம் அவனுக்கு. உள்ளேயிருந்து அவள் மூச்சு கரகரவென்று கேட்டது, நடுவில் ஒருதரம் நின்று மறுபடி வந்தது. அவ்வளவுதான், கோவிந்தராசு கையை உதறிவிட்டு உள்ளே ஓடினான்.

“குடிக்கலைங்க டாக்டரம்மா! சத்தியமாக் குடிக்கல! இமை வுழுற வியாதிங்க அவளுக்கு. இந்த மாத்திரைங்க. இன்னைக்கு ஒண்ணு கூடப் போட்டுட்டா. காலையிலேருந்து வயல்ல மருந்து கலக்கிக்கிட்டு இருந்தா, அதான் புடவையெல்லாம்...”

அவள் மடியிலிருந்து அவன் எடுத்து நீட்டிய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. “அடப் பாவமே, ரெண்டும் சேர்ந்துடுச்சா! குழாய் வேணாம், வச்சிடுங்க. முதல்ல அந்தப் புடவையைக் கழட்டுங்க! கை கால் தலைமுடி எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அட்ரோபின் எடுங்க, சீக்கிரம்! இந்த மாத்திரை இனி நான் சொல்ற வரைக்கும் ஒண்ணுகூடக் கூடாது.”

ஊசி ஏறஏற எச்சில் வடிவது நின்றது, நெஞ்சுக் கரகரப்பு தணிந்தது. ஆனால் மூச்சு இழுக்கிற தெம்பு சதைக்கு இல்லை. மூஞ்சியில் மூடியைப் பொருத்தி, ரப்பர் பையை அமுக்கி அமுக்கித்தான் காற்றை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. அதே பண்ணைக் காரில் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்கள். வழி நெடுக டாக்டரம்மா கையால் பை அமுக்கினார். கை ஓய்ந்தபோது, எப்படி அமுக்குவது என்று துரைக்கண்ணுவுக்குக் காட்டிக் கொடுத்தார். முன் சீட்டில் ரெத்தினம், “பொழச்சிடும்ல டாக்டரம்மா? பொழச்சிடும்ல?” என்று திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பிழைத்தாள். மூச்சு மிஷினில் சில நாள், வார்டில் சில நாள். மாத்திரையை முழுசாக நிறுத்தி, விஷம் இறங்கினதும் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கினார்கள். தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும் அவள் முதலில் கேட்டது: “மிச்ச வயலுக்கு அடிச்சீங்களா இல்லியா?” கேள்வியைப் பாருங்கள்! அடித்தாகிவிட்டது. சாவித்திரி தலையில் முண்டாசு, மூஞ்சியில் துணி, கையில் நீளக் குச்சி என்று நின்று கலக்க, துரைக்கண்ணு காற்றுக்கு முதுகு காட்டி அடித்து முடித்திருந்தான்.

ஊர் திரும்பியதும் குடவாசலில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். பிரகதாம்பாள் ஒரு மரக்கால் உளுந்து கொண்டுபோனாள். டாக்டரம்மா அவளை எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

“அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்கலைன்னா, நான் வயித்தைக் கழுவிக்கிட்டே நின்னிருப்பேன். விஷம் புடவையிலேருந்து தோல் வழியா ஏறிக்கிட்டே இருந்திருக்கும்.”

“ஒரு மாத்திரை கூடப் போட்டா இவ்வளவு ஆவுமா டாக்டரம்மா?”

“மாத்திரை மட்டும்னா வயித்து வலியோட போயிருக்கலாம். ஆனா ஒங்க மாத்திரை செய்யற வேலையைத்தான் அந்த வயல் மருந்தும் செய்யுது. கேளுங்க. கையைத் தூக்கணும்னா நரம்பு சதைக்கு உத்தரவு போடுது. எப்படி? ஒரு துளி ரசத்தை அனுப்புது, அசிட்டைல்கோலின்னு பேரு. சதை அதை வாங்கிக்கிட்டு இழுக்குது. வேலை முடிஞ்சதும் அந்த ரசத்தைக் கரைச்சு அப்புறப்படுத்த அங்கேயே ஒண்ணு இருக்கு. ஒங்க சதை ரசத்தைச் சரியா வாங்கிக்க மாட்டேங்குது. மாத்திரை என்ன பண்ணுதுன்னா, அப்புறப்படுத்தறதைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்குது. ரசம் நின்னு வேலை செய்யுது.”

பிரகதாம்பாள் யோசித்தாள். “அதாவது, வாய்க்கா தண்ணி வயலுக்குப் பத்தலன்னா வடிமடையைக் கொஞ்சம் அடைச்சு நிறுத்துறோமே, அப்படியா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அதேதான்.”

“முழுசா அடைச்சா பயிரு அழுவிப்போவும்.”

“அதுதான் அன்னைக்கு ஆச்சு. மாத்திரை போட்ட அடைப்பு கொஞ்ச நேரத்துல தானா விட்டுடும். வயல் மருந்து போட்ட அடைப்பு லேசுல விடாது. ஒடம்பு பூரா தேங்கிப்போச்சு. அட்ரோபின் மடையைத் தொறக்காது. எச்சிலு, நெஞ்சுச்சளி பக்கம் வெள்ளம் பாயாம நடுவுல ஒரு வரப்புப் போடும், அவ்வளவுதான். சதை தெளியற வரைக்கும் மூச்சை நாமதான் குடுத்துக்கிட்டு இருக்கணும். ரசம் பத்தலைன்னாலும் சதை ஓயும், மிஞ்சிப்போனாலும் ஓயும். வெளியில பாத்தா ரெண்டும் ஒரே அசதி. அதுதான் இதுல உள்ள வில்லங்கம்.”

“அப்ப எனக்கு எப்படித் தெரியும்?”

“வயித்து முறுக்கல், எச்சில், வேர்வை, சதைத் துடிப்பு இதெல்லாம் சேர்ந்து வந்தா கூடிப்போச்சுன்னு சந்தேகப்படலாம். ஆனா நீங்களா முடிவு பண்ணாதீங்க. அசதி அதிகமானா மாத்திரையில கை வைக்காம ஓடியாங்க. வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இந்த வியாதியையும் மாத்திரையையும் சொல்லுங்க, சில ஊசி மருந்து ஒங்களுக்கு ஆகாது. வயல்ல அடிக்கிற பக்கம் தலைகாட்டவே கூடாது.”

“ஒரே வேலைதான்னா, என் மாத்திரையைக் கரைச்சு வயலுக்கு அடிச்சா புகையான் சாவுமா டாக்டரம்மா?”

“காதர் மைதீன் கடையே காலியாயிடும்மா, வேணாம்” என்றார் டாக்டரம்மா.

ஒருதரம் ஒத்திப்போட்ட விசாரணை, அறுவடைக்கு முன்னால் நடந்தது. தாசில்தார் முன்னால் ரெத்தினம் பழைய பாட்டையே பாடினார்: நோயாளி, உள்குத்தகை, சொந்தச் சாகுபடி இல்லை. பிரகதாம்பாள் எழுந்து நின்றாள். காலை வேளை, மாத்திரை போட்டு வந்திருந்தாள், கண் இரண்டும் பளிச்சென்று இருந்தது.

“ஏஜெண்டய்யாவை ஒரே ஒரு கேள்வி கேக்கலாங்களா? அன்னைக்கு என்னைக் கார்ல தூக்கிப் போட்டீங்களே, எங்கேருந்து தூக்குனீங்க?”

ரெத்தினம் வார்த்தையை இழுத்தார். “அது... வயல்லேருந்துதான்.”

“என்னா பண்ணிக்கிட்டு இருந்தேன் வயல்ல?”

“மருந்து... மருந்து கலக்கிக்கிட்டு இருந்துச்சுங்க. மனுஷன்னா பாத்துக்கிட்டு நிக்க முடியுங்களா?” என்றார் தாசில்தாரைப் பார்த்து.

“இதுக்கு மேல சொந்தச் சாகுபடின்னா நான் செத்துத்தாங்க காட்டணும்” என்றாள். தாசில்தார் பேனாவை மூடியபடி சிரித்துவிட்டார். பேர் பதிவில் நின்றது. வெளியே வந்ததும் பிரகதாம்பாள் ரெத்தினத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நிஜமான கும்பிடுதான் அது. மனுஷன் வெட்கப்பட்டுக்கொண்டு சைக்கிளைத் தேடினார்.

கோவிந்தராசுவுக்கு முதலில் கோபம். அப்புறம் யோசித்திருக்கிறான். சங்கக் கூட்டத்தில் எழுந்து, அடிக்கிற ஆளுக்கு சோப்பு, மூஞ்சிக்குத் துணி, நீளக் குச்சி எல்லாம் நிலக்காரன்தான் கொடுக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டான். போடும்போது, “மருந்தடிக்கிற ஆளு” என்று ஆரம்பித்தவனைப் பெண்கள் பக்கத்திலிருந்து பிரகதாம்பாள் மடக்கினாள்.

“அதை மருந்துன்னு சொல்லாதீங்க. அந்த ஒரு வார்த்தையாலதான் என் வாயில சாணியைக் கரைச்சு ஊத்த வந்தாங்க. விஷம்னு சொல்லுங்க. விஷம்னு சொன்னாதான் கை கழுவுவாங்க.”

தீர்மானத்தில் விஷம் என்றே எழுதினார்கள். அன்றிலிருந்து புதுக்கட்டளையில் அதுதான் பேச்சு. விஷம் அடிக்கணும், விஷம் கலக்கின அண்டாவைத் தனியா வை, இன்னைக்கு விஷம் அடிச்ச வயல், கீரை பறிக்காதே. வெளியூர்க்காரன் யாராவது கேட்டால் மிரண்டுதான் போவான்.

சம்பாவில் குருத்துப்பூச்சி விழுந்தது. துரைக்கண்ணு குடவாசல் விவசாய டிப்போவுக்குப் போய் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

“ஒரு புட்டி விஷம் குடுங்க.”

உள்ளேயிருந்த புது கிளார்க் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார். “ஏய்யா! உக்காரு, உக்காரு. என்னா கஷ்டம் ஒனக்கு? வீட்டுல சண்டையா?”

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வயலுக்குங்க.”

“அட சனியனே, உசிரே போச்சு! மருந்துன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“மருந்து வேறங்க” என்றான் துரைக்கண்ணு. “அது என் பொண்டாட்டி சாப்பிடறது.”